ஆண்டெனா கட்டித் தலைகுனிந்த கதை

காலை ஏழு மணி, கூரைக்கு மேல் இரண்டு மூங்கில், கீழே வீட்டுக்காரர் அருணாசலம் பிள்ளை. ஆண்டெனா கட்டுகிறவனுக்கு நாள் இப்படித்தான் விடியும். ரேடியோ ரிப்பேர்காரனை ஊர் தேடி வரும். ஆண்டெனா கட்டுகிறவனை ஊர் நிற்கவைத்து விசாரிக்கும். நான் மலாக்காவில் இரண்டு வேலையும் செய்தவன். முதல் வேலையில் சம்பாதித்த மரியாதையை இரண்டாவது வேலையில் தொலைத்தேன்.

பகலில் டவுனில் ஒரு ரேடியோ கடையில் வேலை. சாயங்காலம் உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலிக்காரன். அதாவது, சொந்தமாக ஒலிபரப்புப் பெட்டி வைத்துக்கொண்டு, அதே கிறுக்குப் பிடித்த மற்றவர்களோடு கடல் தாண்டிப் பேசலாம் என்று சர்க்கார் எனக்கு எழுதிக் கொடுத்திருந்தது. பேசுவது சுலபம். கம்பியைச் சரிப்படுத்துவதுதான் பாடு. பெட்டியிலிருந்து கிளம்பும் சக்தியை எல்லாம் கூரைமேல் இருக்கும் கம்பி ஏற்றுக்கொள்ள வேண்டும். அதன் நீளம், உயரம், பக்கத்திலிருக்கும் மரம், தகரம் எல்லாம் ஒத்துவந்தால் ஏற்கும். ஒத்துவராவிட்டால் ஒரு பங்கு திரும்பி வந்து, வழியெல்லாம் கசிந்து, அடுத்த வீட்டு ரேடியோவில் போய் உட்கார்ந்துகொள்ளும். எவ்வளவு போகிறது, எவ்வளவு திரும்புகிறது என்று காட்ட ஒரு மீட்டர் உண்டு. என்னுடையது பிஸ்கட் டின்னுக்குள் நானே கட்டியது. முள் ‘ஒன்றுக்கு ஒன்று’ என்ற கோட்டில் நின்றால் எல்லாம் போகிறது என்று அர்த்தம். சுற்றுவட்டாரத்தில் வேறு யாரிடமும் அந்த மீட்டர் இல்லாததால் மற்ற அமெச்சூர்களும் என்னையே கூப்பிட்டார்கள். கூரையேறி முழங்கால் தேய்ந்த அன்பர்களுக்கு இதெல்லாம் பழைய செய்தி. மற்றவர்களுக்கு என் அவமானங்களைப் புரிந்துகொள்ள இவ்வளவு தெரிந்தால் போதும்.

நான்காவது வீடு

காஜா பெராங் வீடு எங்களுக்கு நான்காவது. தெங்கேராவில் முதல் வீடு. கம்பி இடியை இழுக்கும் என்று கிளப்பினார்கள். புக்கிட் பாருவில் இரண்டாவது; கம்யூனிஸ்டுகளோடு சர்க்கார் சண்டை போட்ட அவசரகாலமாயிற்றே, கூரையில் கம்பி இருந்தால் போலீஸ் வந்து கேள்வி கேட்கும், எதற்கு வம்பு என்று கிளப்பினார்கள். செமாபோக்கில் மூன்றாவது, நான் பேசத் தொடங்கியதிலிருந்து கோழிகள் முட்டையிடவில்லை என்றாள் வீட்டுக்காரி. கோழிகளிடம் நான் என்ன வாதாட முடியும்?

காஜா பெராங்கில் வீட்டுக்காரர் அருணாசலம் பிள்ளை மலாக்கா செட்டி, அதாவது பல தலைமுறைக்கு முன் வந்து குடியேறித் தமிழை மறந்த வம்சம். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங், வாயில் மலாய். தமிழில் அவருக்கு வந்தது சாமி பெயர்களும் ‘தம்பி’ என்ற ஒரு சொல்லும்தான். அடுத்த வீட்டிலேயே குடியிருந்தார். அவர் சொன்னதை எல்லாம் இங்கே தமிழாக்கித் தருகிறேன். ‘மாலு’ என்ற மலாய்ச் சொல்லை மட்டும் அப்படியே விடுகிறேன். வெட்கம், மானம் இரண்டுக்கும் அது ஒன்றே. அந்த ஆண்டு நான் அதிகம் கேட்ட சொல் அதுதான்.

1957-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு காலை, நான் கூரைமேல் இருந்தபோது பிள்ளை கீழே வந்து நின்றார். “தம்பி, நேத்து செய்தி வாசிக்கிறவன் பாதியிலே நிறுத்திட்டு உன் குரல்லே ஒண்ணு ரெண்டு மூணு எண்ணினான். மாலு இல்லையா உனக்கு?” என்றார். நான் இறங்கி வருவதற்குள் தீர்ப்பையும் சொல்லிவிட்டார். ஆகஸ்ட் 31 காலை சுதந்திரப் பிரகடனம் ரேடியோவில் வரும். அந்தக் குடியிருப்பு முழுக்க அவர் வீட்டில் உட்கார்ந்துதான் கேட்கும். அன்றைக்கு என் குரல் அதில் வந்தால் மறுநாள் அந்த வீட்டில் நான் இல்லை.

என் மனைவி கமலம் அப்போதுதான் முழுகாமல் இருந்தாள். குழந்தை செப்டம்பர் வாக்கில். இரண்டு வீடு தள்ளி மருத்துவச்சி இருந்ததால்தான் அந்த வீட்டையே பிடித்தோம். கதவுக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் கேட்டவள் என்னிடம் சொன்னது இது: “இன்னொரு வீடுன்னா நான் வரலே. வயித்தோட சிகாமட்டுக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடறேன். நீங்க கம்பியோட குடும்பம் நடத்துங்க.”

திடலில் கூவிய எண்கள்

கசிவை நிறுத்த ஒரே வழி கம்பியைச் சரியான நீளத்துக்குக் கொண்டுவருவது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் வீட்டில் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்ட, மற்றவன் தூரத்தில் வேறு வகை மீட்டர் ஒன்றோடு நின்று, அங்கே எவ்வளவு வந்து சேர்கிறது என்று சொல்ல வேண்டும். கடையில் பாட்டரி விற்கும் முனியாண்டியைக் கூட்டிவந்தேன். வீட்டுக்கு எதிரே திடலின் மறுகோடியில் அவன் நின்றான். நான் வெட்டினேன். அவன் கைகளை வாயில் குவித்து, “ஏழு! ஏழு! ஏழரை! ஆறு!” என்று கூவினான். நல்ல தொண்டை. காஜா பெராங் முழுக்கக் கேட்டது.

திடல் ஓரத்தில் ஆ செங் என்பவரின் கோப்பிக்கடை. அந்தக் காலத்தில் மலாக்காவில் சாப் ஜி கீ என்று ஒரு திருட்டுச் சூதாட்டம். ஒன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் ஓர் எண்ணைப் பிடித்துக் கட்ட வேண்டும். கோப்பிக்கடையில் இருந்தவர்கள் முனியாண்டியின் எண்களைத் தெய்வ வாக்காக எடுத்துக்கொண்டார்கள். போலீஸ் சார்ஜன்ட் ஒருவர் அதைக் குற்றமாக எடுத்துக்கொண்டார். பிஸ்கட் டின்னை நான் கையில் ஏந்த, முனியாண்டி அவன் மீட்டரை மார்போடு அணைக்க, இருவரையும் கடைத்தெரு வழியாக நடத்திக்கொண்டு போனார். மீன் வாங்கிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி கமலம். அவள் மட்டும் மறுபடி மீன் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஸ்டேஷனில் என் உரிமத்தைக் காட்டினேன். சார்ஜன்ட் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, கூவிய எண்களை வரிசையாகச் சொல்லச் சொன்னார். முனியாண்டி பயபக்தியோடு ஒப்பித்தான்: “ஏழு, ஏழு, ஏழரை, ஆறு, எட்டேகால்.” சார்ஜன்ட் பேனாவைக் கீழே வைத்தார். சாப் ஜி கீயில் அரையும் காலும் கிடையாது. அந்த அரைதான் எங்களை வெளியே விட்டது, உரிமம் அல்ல. திரும்பி வரும்போது கடை வாசலில் நின்ற ஆ செங் முனியாண்டியைத் தட்டிக்கொடுத்துச் சொன்னார்: “நாளைக்கு அரையெல்லாம் வேண்டாம்லா, முழுசா ஒண்ணு சொல்லு.”

ஈரச் சேலை

ஒரு வழியாகக் கம்பி படிந்தது. ஒரு காலை முள் ஒன்றுக்கு ஒன்றில் போய் நின்றது. நான் அதைக் கமலத்துக்குக் காட்டினேன். அவள் நல்லது என்றாள். அன்று சாயங்காலம் பெட்டியைப் போட்டேன். முள் எங்கோ போய்விட்டது. இரண்டே நிமிடத்தில் வேலிக்கு அப்பாலிருந்து பிள்ளையின் குரல்: “தம்பி! மாலு லா, தம்பி!” மறுநாள் காலை பார்த்தால் மறுபடியும் ஒன்றுக்கு ஒன்று. சாயங்காலம் மறுபடியும் நாசம். சுருளை மாற்றினேன், இணைப்பைச் சுரண்டினேன், மூங்கிலை நகர்த்தினேன். காலையில் தேவலோகம், மாலையில் பிள்ளை.

முனியாண்டிதான் பார்த்தான். கம்பியின் ஒரு முனை புறக்கடையில் ரம்புத்தான் மரத்துக்குத் தாழ்ந்து வரும். அதற்குக் கீழே கமலம் துணி காயப்போடும் இரும்புக் கம்பி. காலையில் அதில் ஈரச் சேலைகள் கனமாகத் தொங்கும். ஈரம் பக்கத்தில் இருந்தால் ஆண்டெனாவின் அளவே மாறிவிடும். நான் கம்பியைச் சரிசெய்தது முழுக்க மூன்று ஈரச் சேலைகளுக்கும் என் வேட்டிக்கும் பொருந்த. மாலையில் துணி காய்ந்து அவள் எடுத்து மடித்ததும், சரிசெய்த கணக்கும் மடிந்து பெட்டிக்குள் போய்விடும்.

இதை அவளிடம் விளக்கினேன். விளக்காமல் இருந்திருக்கலாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடையைக் கீழே வைத்தவள், முனியாண்டி நிற்கிறானே என்றும் பார்க்காமல் கேட்டாள்: “அப்ப நீங்க சிலோன்காரரோட பேசணும்னா நான் பொழுதுசாய வேட்டி துவைச்சுப் போடணுமா?”

கம்பி எதற்கு?

துணிக்கம்பியை வீட்டின் மறுபக்கம் மாற்றினேன். கசிவு குறைந்தது; நிற்கவில்லை. பிள்ளைக்குச் சந்தேகம் என் பெட்டி மேலா, என் நாணயம் மேலா என்று தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கோயிலிலிருந்து திரும்பியவர், கூட வந்த மூன்று பெரியவர்களையும் என் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். நானும் அதைத்தான் எதிர்பார்த்திருந்தேன். தொழிலில் ஒரு வசதி உண்டு. ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் ஒரு சாதாரண வீட்டு பல்பைப் போட்டால், பெட்டியின் சக்தி எல்லாம் பல்பை எரிப்பதில் போய்விடும். காற்றில் ஒன்றும் போகாது. பெட்டியைச் சோதிப்பவர்கள் அப்படித்தான் செய்வார்கள். பெட்டி நல்ல பெட்டி, இனி சோதனையெல்லாம் யாருக்கும் தொந்தரவில்லாமல் நடக்கும் என்று பெரியவர்கள் முன் நிரூபிக்க நினைத்தேன்.

பல்பு அழகாக எரிந்தது. பெரியவர்கள் தலையசைத்தார்கள். உற்சாகத்தில் ஒலிவாங்கியை எடுத்து, “ஐயா, பாருங்கள், இப்போது நான் பேசுவது இந்த அறையைத் தாண்டாது” என்று மலாயில் சொன்னேன். அடுத்த வீட்டில் பிள்ளையின் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதே வாக்கியம் அதன் வழியாக, என் குரலிலேயே, ஜன்னல் தாண்டி எங்களிடம் திரும்பி வந்தது. பெரியவர்களில் ஒருவர் இருமலோடு வெளியே போனார். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரு பல்பு கூட அடுத்த வீடுவரை பேசும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன், அன்று மறந்துவிட்டேன்.

பிள்ளை சிரிக்கவில்லை. கழற்றி வைத்த கம்பியின் நுனியைக் கையில் எடுத்து, நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “கம்பி இல்லாமலே உன் குரல் வருதுன்னா, அந்தக் கம்பி எதுக்கு என் கூரைமேலே?”

பிள்ளைக்கு ஓர் ஏரியல்

அந்தக் கேள்விக்குப் பதில் யோசித்தபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. பிள்ளையின் ரேடியோவுக்கு ஏரியல் என்று இருந்தது அலமாரிக்குப் பின்னால் சுருண்டு கிடந்த ஒரு முழக் கம்பி. நிலையத்தின் ஒலி அதில் முனகலாக வந்தது. பக்கத்தில் இருக்கும் நான் இடியாக வந்தேன். நிலையத்தைப் பலமாக்கினால் நான் அமுங்கிப் போவேன். அவர் வீட்டு முகட்டிலிருந்து கடல் பக்கத்துத் தென்னைவரை உயரமாக, நீளமாக, நல்ல செப்புக்கம்பியில் ஒரு ஏரியல் கட்டினேன். முனியாண்டி தென்னை ஏறினான். என் சொந்த ஆண்டெனாவுக்குக் கூட நான் அவ்வளவு பாடுபட்டதில்லை.

பலித்தது. நான் பெட்டியைப் போட்டு, பேசி, எண்ணி, விசிலடித்துக்கூடப் பார்த்தேன். பிள்ளையின் ரேடியோவில் செய்தி தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டில் நான் தலைநிமிர்ந்து நடந்த வாரங்கள் அவை. கமலம் மருத்துவச்சியிடம் தேதி பேசி வந்தாள். இருந்தாலும் ஆகஸ்ட் 31 அன்று பெட்டியின் ஃபியூஸையே பிடுங்கி அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் பக்கத்திலேயே உட்காருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பிள்ளை சாய்வு நாற்காலியில் சாய்ந்து ரேடியோவைப் பார்த்தபடி சொன்னார்: “செய்தி வாசிக்கிறவன் இப்ப என் வீட்டிலேயே குடியிருக்கிற மாதிரி இருக்கு. உன்னைவிட நல்ல குடித்தனக்காரன், கூரைமேல் ஏறுறதில்லை.”

உலகம் கோபித்துக்கொண்ட டாக்டர்

தெங்கேராவில் கடலைப் பார்த்த வீடு டாக்டர் லிம்முக்கு. பல் டாக்டர். மென்மையான மனிதர். பல் பிடுங்கும்போது நோயாளியிடம் மன்னிப்புக் கேட்பார் என்று சொல்வார்கள். அவரும் புதிதாக உரிமம் வாங்கிய அமெச்சூர். அந்த ஆண்டின் நடுவில் அவருடைய ஆண்டெனாவை நான்தான் அளந்து கொடுத்தேன். மாடியறையிலிருந்து தோட்டச் சுவர் ஓரமாகக் கேபிள் ஓடி, கடலோரக் கம்பத்துக்குப் போகும். மீட்டரை மாட்டினேன். முள் ஆடாமல் அசையாமல் ஒன்றுக்கு ஒன்றில் நின்றது. இப்படி ஒரு ஆண்டெனாவை நான் பார்த்ததில்லை என்று சொன்னேன். அது உண்மைதான். டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் ஒன்றையும் தொடாமல் டீ குடித்துவிட்டு வந்தேன்.

சில வாரம் கழித்து அவராகவே கடைக்கு வந்தார். தயங்கித் தயங்கி, யாரையும் குறை சொல்லவில்லை என்று முன்னுரை வைத்து, தன்னுடைய அழைப்புக்கு இதுவரை எவரும் பதில் சொல்லவில்லை என்றார். போய்ப் பார்த்தேன். சுவரோரம் கேபிளின் மேலுறை வெடித்திருந்தது. அலை ஏறும் நாட்களில் கடல்நீர் உள்ளே போய், கேபிள் முழுக்க ஊறிக் கிடந்தது. பெட்டி அனுப்பிய சக்தி எல்லாம் கம்பத்தைச் சேராமலே உப்புத் தண்ணீரில் செத்துப்போனது. போனது திரும்பி வரவில்லை. திரும்பி வராததால் என் மீட்டர் மெச்சியது. மீட்டர் பொய் சொல்லவில்லை. திரும்பி வரவில்லை என்றுதான் அது சொன்னது. போய்ச் சேர்ந்தது என்று நான் எடுத்துக்கொண்டேன். கூரையேறிய அன்பர்களே, உங்களில் எத்தனை பேர் இதே குழியில் விழுந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. விழுந்தவர்கள் யாரும் வெளியே சொல்வதில்லை.

ஆகஸ்ட் மாதம் புதுக் கேபிள் போட்டு, கம்பத்தை உயர்த்தி, எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிசெய்தேன். அதற்குப் பிராயச்சித்தமாக, என் வாழ்நாளில் செய்த ஆண்டெனாக்களிலேயே சிறந்ததாக அதைச் செய்தேன். ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவர் உடனே பதில் சொன்னார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: “இத்தனை நாளா யாருமே பேசலையா, நான் பல் டாக்டர்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சுன்னு நினைச்சேன்.”

ஏழில் மூன்று

ஆகஸ்ட் 31 காலை. பிள்ளை வீட்டின் முன்கூடம் நிறைந்து வாசல்வரை ஆட்கள். செட்டி வீட்டுப் பெண்கள் கெபாயா என்ற மலாய்ச் சட்டை அணிந்து வந்திருந்தார்கள். ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து டவுனில் வேலை பார்த்த எங்கள் ஆட்கள் சலவை வேட்டியோடு. ஆ செங் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். ரேடியோவுக்குப் பூமாலை போட்டிருந்தது. நான் ஃபியூஸை எல்லோர் முன்னிலையிலும் பிள்ளையின் கையில் வைத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தன் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். கமலம் நிறைமாதம், அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

கோலாலம்பூரில் மழையாம், சற்றுத் தாமதம் என்றார்கள். பிறகு வாத்தியம், பிறகு பிரகடனம். ஒரு சொல் தவறாமல் கேட்டது. என் ஏரியல். வாசித்து முடித்ததும் ‘மெர்டேகா’, அதாவது சுதந்திரம், என்ற முழக்கம் ஏழு தரம் எழும். ரேடியோவோடு சேர்ந்து எல்லோரும் முழங்குவது என்று பேச்சு. கைகள் தயாராக உயர்ந்தன. முதல் முழக்கத்தின் ‘மெர்’ வரை வந்தது.

அதற்குமேல் ரேடியோவில் டாக்டர் லிம் பேசினார்.

“ஹலோ, ஹலோ, உலகத்தாரே! சுதந்திர மலாயாவிலிருந்து பேசுகிறேன்! நான் இப்போது சுதந்திர மனிதன்! என் ஆண்டெனா பிரமாதமாக வேலை செய்கிறது! இதைக் கட்டிக் கொடுத்தவர் காஜா பெராங் மிஸ்டர் சின்னையா! மிஸ்டர் சின்னையா!”

ஆங்கிலத்தில்தான் பேசினார். ஆனால் என் பெயரைப் புரிந்துகொள்ள யாருக்கும் ஆங்கிலம் தேவைப்படவில்லை. நடந்தது எனக்கு உடனே விளங்கியது. அவரும் தன் வீட்டில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். முதல் முழக்கம் காதில் விழுந்ததும் பொறுக்க முடியாமல் தன் பெட்டியில் விசையை அழுத்திவிட்டார். தெங்கேராவில் அனுப்பியது நான் சரிசெய்த கம்பி. இங்கே கடல் பக்கம் நீண்டு நின்று வாங்கியதும் நான் கட்டிய கம்பி. மலாக்காவிலேயே நன்றாக வேலை செய்த அந்த இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொண்டன. எழுந்து போய் ஏரியலைப் பிடுங்க நினைத்தேன். பிள்ளை என்னைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டேன்.

யாராவது பதில் சொல்கிறார்களா என்று கேட்க டாக்டர் விசையை விட்டிருக்க வேண்டும். ரேடியோவில் மறுபடி முழக்கம் கேட்டது. ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது. அரங்கத்தில் இருந்தவர்கள் ஆர்ப்பரித்தார்கள். பிள்ளை வீட்டுக் கூடத்தில் உயர்ந்த கைகள் பாதியில் நின்றன. ஒரு பெரியவர் மட்டும் கடைசித் தடவைக்கு மெல்ல, “மெர்டேகா” என்றார். துணைக்கு யாரும் வராததால் கையை மடியில் வைத்துக்கொண்டார். கமலம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைக்க அங்கே ஒன்றுமில்லை. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் காத்திருந்த காலம் என் வயதைவிட அதிகம். சுதந்திரம் வந்து சேர்ந்த நிமிடத்தில் என் பெயரைக் கேட்டார்கள்.

“காலி பண்ணச் சொல்லுங்க” என்றார் ஒருவர். “அவன் இங்கேதானே உட்கார்ந்திருக்கான், அவன் எங்கே பேசினான்?” என்றார் ஆ செங். பேச்சு வளர்ந்தது. பிள்ளை கையமர்த்தினார். சட்டைப் பையிலிருந்து ஃபியூஸை எடுத்துப் பார்த்தார். தான் முன்பு சொன்னதைச் சொன்னபடி ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். “உன் குரல் வந்தா வீடு இல்லேன்னேன். குரல் வரலே, பேர்தான் வந்தது. வீடு இருக்கட்டும், குழந்தை இங்கேயே பிறக்கட்டும். கம்பி இன்னிக்கே இறங்கணும்.” நான் தலையாட்டினேன். பிள்ளை ரேடியோவை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்: “தம்பி, நாட்டுக்கு ஏழு மெர்டேகா. எங்களுக்கு வந்தது மூணு. பாக்கி நாலையும் எப்பத் தரப்போறே?”

கம்பி இறங்கிய பின்

அன்று சாயங்காலம் கம்பியை இறக்கினேன். கட்டும்போது ஓர் ஆள் உதவிக்கு வராத குடியிருப்பில், இறக்கும்போது பத்துப் பேர் மூங்கில் பிடித்தார்கள். குழந்தை அந்த வீட்டில்தான் பிறந்தது, பெண். ‘நாலு’ என்று பொருள்படும் ‘எம்பாட்’ எனக்குப் பட்டப் பெயராக நிலைத்தது. பாசாரில் மீன் வாங்கினால், “எம்பாட்டுக்கு நல்ல மீனாப் பார்த்துப் போடு” என்பார்கள். பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனால் அவளை எம்பாட் மகள் என்றார்கள். அதைக் கேட்டு நான் சிரித்துப் பழகினேன். கமலம் பழகவில்லை. டாக்டர் லிம் அடுத்த வாரம் கேக்கோடு வந்து, பிரகடனத்தன்று தன் குரல் எவ்வளவு தூரம் போனது என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். விஷயத்தை நான் சொல்லவில்லை. கேக்கை வெட்டிக்கொண்டிருந்த முனியாண்டிதான் என் காதில் சொன்னான்: “அண்ணே, நாம கட்டினதிலே அந்த ரெண்டுதான் ஒழுங்கா வேலை செஞ்சுச்சு.”

மறு ஆண்டு, பிள்ளையின் ரேடியோவுக்கு ஒரு தடுப்புச் சுருள் பொருத்திக் கொடுத்த பிறகு, அவர் கோயிலுக்குப் போயிருக்கும் நேரத்தில் மட்டும் பேசலாம் என்ற நிபந்தனையோடு கம்பி மறுபடி கூரையேறியது. நானும் அந்த நேரத்தில் மட்டும், தாழ்ந்த குரலில், திருடன் போலப் பேசினேன். காஜா பெராங் அதுவரை என் மானக்கேட்டைக் காதால் மட்டுமே கேட்டிருந்தது. 1963 டிசம்பர் 28-ஆம் தேதி கோலாலம்பூரில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது.